பட்டாவில் பெயர் இல்லாதவர்கள்

வாசகர் கேள்வி: நான் சிவில் இன்ஜினியர். விருதுநகர் மாவட்டத்தில், திருச்சுழிப் பக்கம் 100 மெகாவாட் சூரிய மின் நிலையம் கட்டும் கம்பெனி ஒன்றில் ஆறு மாதமாக வேலை பார்க்கிறேன். வங்கி கேட்கிறது என்பதற்காகச் சுற்றுச்சூழல், சமூகப் பாதிப்புகளைக் கவனிக்கும் வேலையையும் என்னிடம் கொடுத்திருக்கிறார்கள். "சோலாருக்குச் சுற்றுச்சூழல் அனுமதியே தேவையில்லை. நிலம் மொத்தமும் முறைப்படி கிரயம் முடித்தாகிவிட்டது. இதில் கவனிக்க என்ன இருக்கிறது?" என்கிறார் மேலாளர். போன வாரம் வேலி போடும்போது ஆடு மேய்ப்பவர்களும் விறகு வெட்டும் பெண்களுமாக முப்பது பேர் ஜேசிபி முன்னால் உட்கார்ந்துவிட்டார்கள். அவர்களில் ஒருவருக்கும் அங்கே நிலம் கிடையாது. ஆளுக்குக் கொஞ்சம் பணம் கொடுத்து அனுப்பிவிடலாம் என்று அலுவலகத்தில் பேசுகிறார்கள். என் சொந்த ஊர் அங்கிருந்து எட்டு கிலோமீட்டர்தான். எனக்கு இது சரியென்று படவில்லை. ஆனால் எங்கே தொடங்குவது என்றும் தெரியவில்லை.

அன்புள்ள தம்பி,

வங்கிகளுக்காக இப்படிப்பட்ட திட்டங்களைப் போய்ப் பார்த்து அறிக்கை எழுதுவதுதான் என் தொழில். அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். அந்த முப்பது பேர் உட்கார்ந்த பக்கத்தில் மட்டும் வேலி வேலையை இரண்டு வாரம் நிறுத்தி வைக்கும்படி மேலாளரிடம் கேளுங்கள். மற்ற பக்கங்களில் வேலை நடக்கட்டும். ஜேசிபி சும்மா நின்றால் வாடகை எவ்வளவு என்று கணக்குப் போட்டுக் காட்டுவார். போலீஸை நிறுத்தி வேலி போட்டு, அந்தப் படம் பேப்பரில் வந்து, வங்கி அடுத்த தவணையை நிறுத்தி வைத்தால் ஒரு நாளைக்கு வட்டி எவ்வளவு ஏறும் என்ற கணக்கையும் அதற்குப் பக்கத்தில் எழுதிக் காட்டுங்கள். பெரும்பாலும் அந்த ஒரு தாள் போதும்.

மேலாளர் சொல்வதில் முதல் பாதி உண்மைதான். 2006-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின் பட்டியலில் சூரிய மின் நிலையமும் காற்றாலையும் இல்லை. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2016-இல் தொழில்களை நிறம் பிரித்தபோது இரண்டையும் வெள்ளை வகையில் வைத்தது. புகை இல்லை, கழிவுநீர் இல்லை என்பதுதான் காரணம். ஆனால் அந்த வகைப்பாடு மாசை மட்டும்தான் அளக்கிறது, நிலத்தை அளக்கவில்லை. சூரிய மின் நிலையம் தின்பது நிலத்தைத்தான். கமுதியில் 2016-இல் வந்த 648 மெகாவாட் நிலையம் ஏறக்குறைய 2,500 ஏக்கரில் நிற்கிறது. உங்கள் 100 மெகாவாட்டுக்கு 400 ஏக்கராவது ஆகியிருக்கும். அத்தனை ஏக்கரைச் சுற்றி ஒரே மாதத்தில் வேலி வந்தால் ஒரு ஊரின் நடைபாதை, மேய்ச்சல், விறகு, தண்ணீர் ஓடும் வழி எல்லாமே மாறிப்போகும்.

இன்னொன்றையும் யோசித்துப் பாருங்கள். அனுமதி தேவையில்லை என்றால் மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டமும் கிடையாது. ஒரு சிமென்ட் ஆலை வந்தால் கலெக்டர் அலுவலகத்துக்காரர்கள் முன்னால் எழுந்து நின்று கேட்கும் கேள்வியை, சோலார் வந்தால் கேட்பதற்கு ஊர்க்காரருக்கு ஒரு நாள்கூட ஒதுக்கப்படவில்லை. அதனால்தான் ஜேசிபி முன்னால் வந்து உட்கார்ந்து கேட்கிறார்கள். சட்டம் வைக்காத அந்தக் கூட்டத்தை நீங்கள் வைத்திருக்க வேண்டும். இப்போதும் ஒன்றும் முழுகிப் போய்விடவில்லை.

கிரயம் முடிந்துவிட்டது என்ற இரண்டாவது பாதிக்கு வருகிறேன். உங்கள் வங்கி எதை வைத்துக் கேள்வி கேட்கிறது என்று கடன் ஒப்பந்தத்தை எடுத்துப் பாருங்கள். வெளிநாட்டுக் கடன் கலந்த திட்டமாக இருந்தால், பெரும்பாலும் உலக வங்கிக் குழுமத்தைச் சேர்ந்த சர்வதேச நிதிக் கழகத்தின் 2012-ஆம் ஆண்டு செயல்திறன் தரநிலைகள் அதில் இருக்கும். மொத்தம் எட்டு. ஐந்தாவது நிலத்தைப் பற்றியது. விற்பவர் மனமுவந்து விற்று, வாங்குபவர் விலை கொடுத்து வாங்கிய நிலத்துக்கு அது பொருந்தாது என்பார்கள். மேலாளரும் அதைத்தான் சொல்வார். ஆனால் அதே தரநிலையின் அடிக்குறிப்பில், அப்படி விற்றதால் விற்றவரைத் தவிர வேறு யாராவது, அந்த நிலத்தில் இருந்தவரோ அதைப் பயன்படுத்தியவரோ, வெளியேற வேண்டி வந்தால் பொருந்தக்கூடும் என்று இருக்கிறது. உங்கள் ஜேசிபி முன்னால் உட்கார்ந்தவர்கள் அந்த அடிக்குறிப்பில் வருபவர்கள்.

இதை நான் புத்தகத்தில் படித்துக் கற்றுக்கொள்ளவில்லை. பல வருடம் முன்பு ராமநாதபுரம் மாவட்டத்தில் ஒரு சூரிய மின் திட்டத்துக்குக் குடும்பக் கணக்கெடுப்பை நான்தான் நடத்தினேன். சித்திரை மாதம். வீடு வீடாகப் போனோம், நல்ல படிவம், நல்ல பிள்ளைகள். மேய்ச்சலை நம்பியிருக்கும் குடும்பம் ஒன்றுமில்லை என்று அறிக்கையில் எழுதினேன். அந்த ஊரில் பூட்டிக் கிடந்த வீடுகளைப் பற்றி நான் கேட்கவில்லை. அந்த வீட்டுக்காரர்கள் கீதாரிகள். டெல்டாவில் அறுவடை முடிந்ததும் மந்தையை ஓட்டிக்கொண்டு தஞ்சாவூர்ப் பக்கம் போய், வயலுக்கு எருவாக ஆடுகளை இரவில் அடைத்து வயல் வயலாகக் கிடை போட்டுக்கொண்டிருந்தார்கள். மழை விழுந்து இங்கே புல் முளைக்கும் நேரத்தில் ஊர் திரும்பினார்கள். வேலி நின்றது. அதில் ஒருவர் என்னிடம் கோபப்படவில்லை. "நாங்க இல்லாதப்ப வந்து எழுதிட்டீங்களே" என்று மட்டும் சொன்னார். அதற்குப் பிறகு பூட்டிய வீடு ஒன்றைக்கூடப் பக்கத்து வீட்டில் கேட்காமல் நான் கடந்ததில்லை.

ஆகவே உங்கள் முதல் வேலை, பட்டாவில் பெயர் இல்லாமல் அந்த நிலத்தில் பிழைத்தவர்கள் யார் யார் என்று கண்டுபிடிப்பது. எட்டு கிலோமீட்டரில் பிறந்த உங்களுக்கு இது ஓரளவு தெரிந்திருக்கும். கீதாரிகளும் ஊரிலேயே ஆடு வைத்திருப்பவர்களும் ஒருவர் அல்ல, தனித்தனியாக எழுதுங்கள். வேலிக்கருவேலம் மண்டிய நிலமாக இருந்தால் அதை வெட்டி மூட்டம் போட்டுக் கரி எடுத்தவர்கள் இருப்பார்கள். நிலத்துக்காரர் மதுரையிலோ சென்னையிலோ இருந்துகொண்டு அவர்களுக்குக் குத்தகைக்கு விட்டிருப்பார். நிலத்தைச் சுத்தம் செய்யும் ஒப்பந்தக்காரர் மரத்தை அள்ளிக்கொண்டு போகும்போது அவர்களுடைய ஒரு வருட வேலையும் அதோடு போகிறது. விளைச்சலில் பங்கு என்று பேசி வாரத்துக்கு உழுதவர் இருக்கலாம், பத்திரம் எதுவும் இருக்காது. கடன் கொடுத்து அதற்கு ஈடாக நிலத்தை ஒத்திக்கு வைத்திருந்தவருக்குக் கிரயப் பணத்தில் பங்கு வந்ததா என்று கேளுங்கள். கூட்டுப்பட்டாவாக இருந்தால் கையெழுத்துப் போட்ட அண்ணன் தம்பிகளோடு பிறந்த பெண்களின் கையெழுத்தும் இருக்கிறதா என்று பாருங்கள். கட்டிக் கொடுத்த பெண்தானே என்று தரகர்கள் விட்டுவிடுவது உண்டு. பெண்களுக்குச் சொத்தில் சம பங்கு சட்டப்படி இருக்கிறது, ஐந்து வருடம் கழித்து அவர் வழக்கறிஞரோடு வந்தால் உங்கள் பேனல்கள் நடுவில் ஒரு வழக்கு நிற்கும்.

பஞ்சமி நிலத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 1892-இல் சென்னை மாகாண அரசு தலித் மக்களுக்கு ஒப்படைத்த நிலம், பிறருக்குக் கைமாறக் கூடாது என்ற நிபந்தனையோடு கொடுக்கப்பட்டது. நடுவில் எத்தனை கைகள் மாறியிருந்தாலும், எத்தனை முறை பதிவாகியிருந்தாலும் அந்த நிபந்தனை தானாகக் கரைந்துவிடாது. உங்கள் சட்டக் குழு முப்பது வருட வில்லங்கம் எடுத்துப் பார்த்துச் சுத்தம் என்று எழுதியிருக்கும். 1892 அந்த முப்பது வருடத்தில் வராது. கிராமத்தின் நில விவரங்கள் இருக்கும் பழைய அ-பதிவேட்டையும் ஒப்படைப்பு விவரங்களையும் தாலுகா அலுவலகத்தில் சர்வே எண் வாரியாகப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு சர்வே எண் அப்படி மாட்டினாலும் அதை வெளியில் சொல்லிவிட்டு, விட்டுவிடச் சொல்லுங்கள். இதில் என் கருத்து உறுதியானது. அந்த நிலம் யாருக்காகக் கொடுக்கப்பட்டதோ அவர்களிடமே போக வேண்டும், அதில் பேனல் நிறுத்துவதற்கு எந்தப் பசுமைக் காரணமும் சொல்ல முடியாது.

ஆடு மேய்ப்பவர்களுக்காக இவ்வளவா என்று அலுவலகத்தில் கேட்டால் இரண்டு திட்டங்களைச் சொல்லுங்கள். கென்யாவில் துர்கானா ஏரிப் பக்கத்தில் 365 காற்றாலைகள், 310 மெகாவாட். மேய்ச்சல் சமூகங்கள் ஆடு, மாடு, ஒட்டகம் ஓட்டிய 1,50,000 ஏக்கர் நிலம் அது. அதை ஒதுக்கிய முறையே சட்டப்படி இல்லை என்று 2021 அக்டோபரில் நீதிமன்றம் தீர்ப்பளித்தது, ஒரு வருடத்துக்குள் சரிசெய்யாவிட்டால் நில உரிமை ரத்து என்றது. காற்றாலைகள் ஓடிக்கொண்டிருந்தபோது வந்த தீர்ப்பு இது. அதே மாதம் நார்வேயின் உச்ச நீதிமன்றம், ஃபோசன் தீபகற்பத்தில் 151 காற்றாலைகளுக்குக் கொடுத்த உரிமம் செல்லாது என்றது. அங்கே குளிர்காலத்தில் பனிமான் மேய்க்கும் சாமி (Sámi) என்ற பழங்குடி மக்களின் பண்பாட்டு உரிமை மீறப்பட்டதென்பது காரணம். தீர்ப்பு வந்து 500 நாள் ஆகியும் ஒன்றும் நடக்கவில்லை என்று இளைஞர்கள் ஆஸ்லோவில் அமைச்சகத்தை மறித்தார்கள். 2023 டிசம்பரிலும் 2024 மார்ச்சிலும்தான் சமரசம் வந்தது, வருடா வருடம் பணமும் மாற்று மேய்ச்சல் நிலமுமாக. இரண்டு இடத்திலும் பிரச்சினை காற்றிலோ இயந்திரத்திலோ இல்லை. மேய்ப்பவரைக் கணக்கில் எடுக்காததில் இருந்தது.

சரி, பணம் கொடுத்து அனுப்பும் யோசனை. வேண்டாம். வாசலில் நின்று கொடுத்தால் நாளைக்கு முப்பது பேர் முந்நூறு பேர் ஆவார்கள். அவர்களைக் குறை சொல்லவும் முடியாது, விதியே அப்படித்தான் என்று நீங்கள்தான் காட்டியிருப்பீர்கள். ஊரில் குரல் உயர்த்துபவருக்குக் கிடைக்கும், மந்தையோடு வெளியூரில் இருப்பவருக்குக் கிடைக்காது. முதலில் பட்டியல். ஒரு தேதியைக் குறித்து, அந்தத் தேதி வரை நிலத்தைப் பயன்படுத்தியவர்கள் என்று கிராம சபையில் வாசித்து, விட்டுப்போனவர்கள் பெயர் சேர்க்க அவகாசம் கொடுத்து முடியுங்கள். அப்புறம் ஒவ்வொரு குடும்பமும் இழந்தது என்ன, அதற்குப் பதில் என்ன என்று பேசுங்கள். கோயிலுக்குப் பெயின்ட் அடிப்பதும் பள்ளிக்கூடத்துக்குப் பெஞ்சு வாங்கிக் கொடுப்பதும் நல்ல காரியங்கள்தான். அவை மேய்ச்சலை இழந்தவருக்கு ஈடு ஆகாது. இரண்டையும் ஒரே கணக்கில் எழுத விடாதீர்கள்.

ஈடு என்றதும் ரூபாயாகவே யோசிக்க வேண்டியதில்லை. 400 ஏக்கரையும் ஒரே துண்டாக அடைக்கத்தான் வேண்டுமா என்று வடிவமைப்பாளரிடம் கேளுங்கள். ஊரிலிருந்து கண்மாய்க்கு மந்தை போகும் பாதையை விட்டு இரண்டு துண்டாக வேலி போட்டால் கம்பி கொஞ்சம் கூடுதலாகும், அவ்வளவுதான். பேனல்களுக்குக் கீழே மழைக்குப் பிறகு புல் இடுப்பளவு வரும். நிழல் விழுந்து உற்பத்தி குறையும், கோடையில் காய்ந்தால் தீப்பிடிக்கும் என்று அதை வெட்டக் கம்பெனி வருடா வருடம் செலவு செய்தே ஆக வேண்டும். செம்மறிகளை உள்ளே விட்டால் அந்த வேலையை அவை செய்யும். பல நாடுகளில் இப்படித்தான் செய்கிறார்கள். வெள்ளாட்டை விட முடியாது, பேனல் மேல் ஏறும், ஒயரைக் கடிக்கும். ஆகவே வெள்ளாடு வைத்திருக்கும் வீட்டுப் பெண்களுக்கு அந்தப் புல்லை அறுத்துக்கொண்டு போகும் உரிமையையும், அறுப்பதற்குக் கூலியையும் எழுத்தில் கொடுக்கலாம். இன்வெர்ட்டர் அறைப் பக்கம் போகக் கூடாது, எந்த நேரத்தில் வரலாம் என்று பாதுகாப்பு விதிகளையும் சேர்த்து எழுதுங்கள். வீட்டுக்கு ஒரு வேலை என்று மட்டும் யாரையும் சொல்ல விடாதீர்கள். கட்டும்போது நூற்றுக்கணக்கில் ஆள் வேண்டும், கட்டி முடித்த பின் காவல், கழுவுதல், பராமரிப்பு என்று சில பத்துப் பேர்தான். ஏற்கெனவே தரகர் அப்படிச் சொல்லியிருந்தால், அது நடக்காது என்று நீங்களே போய்ச் சொல்லுங்கள். திட்டு வாங்குவீர்கள், இரண்டு வருடம் கழித்து வாங்குவதைவிட இப்போது வாங்குவது நல்லது.

தண்ணீர். உங்கள் பக்கம் ஒரு கண்மாய் நிறைந்து, உபரி நீர் வெளியேறும் கலுங்கு வழிந்தால்தான் கீழே இருக்கும் கண்மாய்க்குத் தண்ணீர் போகும். பெரிய வரத்துக்கால் புறம்போக்காக வரைபடத்தில் இருக்கும், யாரும் தொட மாட்டார்கள். மானாவாரிக் காட்டின் குறுக்கே மழை நாளில் மட்டும் ஓடும் சின்னச் சின்ன ஓட்டங்கள் வரைபடத்தில் இருக்காது. அவை பட்டா நிலத்துக்குள் இருக்கும். சைட்டைச் சமப்படுத்திச் சுற்றி மண் அணைத்துவிட்டால் அத்தனையும் அடைபடும். கரிசல் மண் ஈரத்தை விழுங்கிக்கொண்டு விடாது, தண்ணீர் பக்கத்துப் புஞ்சையில் தேங்கிப் பருத்தியும் மல்லியும் அழுகும். கண்மாய்க்கு வர வேண்டியது வராது. இலங்கையில் மன்னார் தீவு மக்கள் 2025-இல் காற்றாலைகளுக்கு எதிராகத் தெருவில் இறங்கியபோது சொன்ன குறைகளில் ஒன்று, மழைநீர் முன்புபோல வடிவதில்லை என்பது. உங்கள் சைட்டில் ஐப்பசி மழை வலுக்கும் முன் மட்டம் பார்த்து, ஓட்டங்களை அப்படியே விட்டுப் பேனல் வரிசையை மாற்ற முடியுமா என்று பாருங்கள். உங்கள் சிவில் படிப்பு இங்கேதான் ஊருக்கு உதவப் போகிறது. பேனல் கழுவும் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பதையும் இப்போதே எழுத்தில் வாங்குங்கள். ஒரு மெகாவாட்டை ஒரு முறை கழுவவே பல ஆயிரம் லிட்டர் போகும். லாரித் தண்ணீர் என்று சொல்லிவிட்டுப் பக்கத்துக் கிராமத்துப் போர்வெல்லில் இருந்து எடுத்தால் அந்த ஊரும் வந்து உட்காரும். தண்ணீர் இல்லாமல் துடைக்கும் இயந்திரங்கள் இருக்கின்றன. உங்கள் மாவட்டத்தில் நான் அதைத்தான் கேட்பேன்.

பறவைகளைப் பொறுத்தவரை பேனலைவிட மின்சாரக் கம்பிதான் பெரிய ஆபத்து. ராஜஸ்தானிலும் குஜராத்திலும் கானமயில் கம்பியில் மோதிச் சாகிறது என்று 2021-இல் உச்ச நீதிமன்றம் கம்பிகளைப் புதைக்கச் சொன்னது. 2024-இல் அந்த உத்தரவைத் தளர்த்தி நிபுணர் குழுவிடம் விட்டது. உங்களுக்குக் கானமயில் கவலை இல்லை. ஆனால் பக்கத்து ராமநாதபுரத்தில் சித்திரங்குடி, காஞ்சிரங்குளம் போன்ற கண்மாய்கள் பறவைச் சரணாலயங்களாகவே இருக்கின்றன, அங்கே கூடு கட்டும் பறவைகள் இரை தேடிச் சரணாலய எல்லைக்கு வெளியேதான் பறக்கும். துணை மின்நிலையத்துக்குப் போகும் உங்கள் லைன் எந்தெந்தக் கண்மாய் ஓரம் போகிறது என்று பாருங்கள். ஆலோசகர் அறிக்கையில் பறவைக் கணக்கெடுப்பு எந்த மாதம் நடந்தது என்ற வரியை மட்டும் தேடுங்கள். மே மாதம் என்றிருந்தால் வறண்ட கண்மாயில் ஒன்றும் இல்லை என்று எழுதியிருப்பார்கள். மார்கழி, தை மாதங்களில் இன்னொரு முறை பார்க்கச் சொல்லுங்கள். கம்பியில் தொங்கவிடும் எச்சரிக்கைத் தட்டுகளுக்குப் பெரிய செலவு ஆகாது.

வேலையாட்கள் தங்கும் இடத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்தவர்களுக்குக் குடிநீர், கழிப்பறை, சரியான கூலிச் சீட்டு மூன்றையும் நீங்களே நேரில் போய்ப் பாருங்கள், ஒப்பந்தக்காரர் காட்டும் ரசீதை நம்ப வேண்டாம். பெண்கள் வேலை செய்யும் இடத்தில் 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி உள்ளகப் புகார்க் குழு இருக்க வேண்டும். உடைந்த பேனல்கள் காயலான் கடைக்குப் போகக் கூடாது, 2022-ஆம் ஆண்டின் மின்னணுக் கழிவு விதிகளுக்குள் அவையும் வந்துவிட்டன.

குறைகளை எழுத ஒரு நோட்டு போடுங்கள். அதை சைட் கேட்டில் வைக்காதீர்கள், செக்யூரிட்டியைத் தாண்டி யாரும் வர மாட்டார்கள். ஊரில் டீக்கடையிலோ ரேஷன் கடைப் பக்கத்திலோ வைத்து, வாரத்தில் ஒரு நாள் நீங்கள் போய் உட்காருங்கள். யார் சொன்னது, என்ன தேதி, என்ன பதில் என்று மூன்று கட்டம் போதும். முடியாது என்பதும் பதில்தான், அதையும் தேதி போட்டு எழுதுங்கள். வங்கியின் ஆலோசகராக நான் ஒரு சைட்டுக்குப் போனால் இருநூறு பக்க அறிக்கைக்கு முன் அந்த நோட்டைத்தான் கேட்பேன். ஒரு குறைகூட எழுதப்படாத நோட்டைப் பார்த்தால் எனக்குச் சந்தேகம் வந்துவிடும்.

உங்களைப் பற்றியும் ஒன்று. சொந்த ஊர்ப் பக்கம் என்பது பலம், ஆனால் உங்கள் மாமாவோ பெரியப்பாவோ இந்த நிலத்தில் எதையாவது விற்றிருந்தாலோ தரகு பார்த்திருந்தாலோ அதை மேலாளரிடம் முதல் ஆளாக நீங்களே சொல்லிவிடுங்கள். வேறு யாராவது சொல்லித் தெரிந்தால் அதற்குப் பிறகு நீங்கள் என்ன சொன்னாலும் இரண்டு பக்கமும் நம்ப மாட்டார்கள்.

வேலி நிற்கும் அந்த இரண்டு வாரத்தில் முதல் நாள் காலை ஆறு மணிக்கு முன்பே ஊருக்குப் போங்கள், ஏழுக்கு மேல் ஆடு கிளம்பிவிடும். அந்த முப்பது பேரில் வயதான கீதாரி ஒருவரும் விறகு வெட்டும் பெண் ஒருவரும் கூட வரச் சம்மதித்தால், அவர்களோடு சைட் எல்லை முழுக்க நடந்து வாருங்கள். எங்கே மந்தை திரும்பும், எங்கே தண்ணீர் குடிக்கும், மழை பெய்தால் எங்கே ஓடும், எந்த இடத்தில் கும்பிடு போடுவார்கள் என்று கேட்டுக் கேட்டு உங்கள் வரைபடத்தில் பென்சிலால் குறியுங்கள். 400 ஏக்கரைச் சுற்ற அரை நாளாவது ஆகும், அன்றைக்கு அவர்கள் இழக்கும் கூலியைக் கம்பெனிக் கணக்கில் கொடுத்துவிடுங்கள். தண்ணீரும் தொப்பியும் எடுத்துக்கொண்டு போங்கள். அந்த வரைபடத்தை எனக்கு அனுப்பினால் வேலியை எங்கே நகர்த்தலாம் என்று உட்கார்ந்து பார்த்துச் சொல்கிறேன்.